மிளகு இன்னும் உறுமவில்லை

ஜூன் 3, செவ்வாய்

காலையில் கோழி ஈரல் வேகவைத்ததில் வீடு முழுக்க அந்த வாடை. என் வீட்டுக்காரர் பழனியப்பன் பட்டறைக்குக் கிளம்பும்போது சட்டையை முகர்ந்து பார்த்துவிட்டு, "ஏ மணி, லேத்துல நிக்கறவன் மேல கிரீஸ் நாத்தம் வரலாம். ஈரல் நாத்தம் வந்தா ஊரு என்ன நெனைக்கும்?" என்றார். நாய்க்குப் பாடம் சொல்லிக்கொடுப்பவளைக் கட்டிக்கொண்டால் அப்படித்தான். புளியங்கொட்டை அளவில் நறுக்கி டப்பாவில் போட்டுக்கொண்டேன். நாய் ஒன்றைச் சரியாகச் செய்தால் அந்த நொடியே ஒரு துண்டு. செய்யாவிட்டால் ஒன்றுமில்லை. அடி கிடையாது, அதட்டல் கிடையாது. ஐந்து வருடமாக என் தொழில் இவ்வளவுதான்.

இன்று புதுக் கேஸ். சரவணம்பட்டிப் பக்கம் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பு, தரைத்தளம். வீட்டம்மாள் பெயர் நவநீதம், பம்புசெட் கம்பெனியில் பாக்கிங் பிரிவைப் பார்த்துக்கொள்கிறாள். புருஷன் உடன் இல்லை. மகள் வெண்பா ஐந்தாம் வகுப்பு. நாய் மிளகு. கோம்பை என்ற நாட்டு இனம், ஆண், ஏழு வயது.

போன வாரம் படிக்கட்டருகே குடியிருப்போர் சங்கப் பொருளாளர் குழந்தைவேல் அவன் தலையைத் தடவக் கையை நீட்டியிருக்கிறார். முன்கையில் ஏழு தையல். சங்கம் கூடி இருபத்திரண்டாம் தேதி வரை தவணை கொடுத்திருக்கிறது. அன்றைக்கு எல்லாரும் வந்து பார்ப்பார்கள். நாய் திருந்தியிருக்க வேண்டும், இல்லாவிட்டால் அவன் அங்கே இருக்கக் கூடாது. அனுப்ப வேறு இடமில்லை. நவநீதத்தின் அண்ணன் அவனை ஊசி போட்டுக் கொன்றுவிட ஒரு டாக்டரைப் பேசி வைத்துவிட்டாராம்.

"குலைக்கவே இல்லீங்க மேடம். உறுமவும் இல்லீங்க. சும்மா நின்னுட்டு இருந்தான், டப்புனு புடிச்சுட்டான். என்ற பொண்ணு அவன் பக்கத்துலதான் படுத்துக்குவா. எனக்கு இப்ப அவன் பக்கத்துல போகவே பயமா இருக்குதுங்க."

நான் உள்ளே போனதும் மிளகு முகர்ந்து பார்க்க வரவில்லை. தொண்டையைச் செருமிக்கொண்டு ஏதோ சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் உட்கார்ந்துவிட்டான். காது இரண்டும் தலையோடு ஒட்டியிருந்தது. என் வலது கையையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"பாருங்க, உங்களக் கண்டதும் எப்பிடி உக்காந்துட்டான்! நீங்க கைராசிக்காரங்க" என்றாள். நான் மறுக்கவில்லை.

கழுத்தைச் சுற்றி முடி முளைக்காத வளையம். மூன்று வருடத்துக்கு முன்பு வெளிநாடு போன ஒருவரிடமிருந்து வாங்கிக்கொண்டாளாம். பழைய தாள்கள் பரணில் இருக்கின்றன, எடுத்துத் தரட்டுமா என்றாள். அவசரமில்லை என்றேன். "நீங்க அனுப்புன ஃபாரத்துல மொதக் கேள்வியே அதுதானுங்களே" என்றாள். பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்றேன். பெண் சில நாள் தள்ளிப் படுத்தால் நல்லது என்றும் சொல்லிவைத்தேன்.

சாரல். துவைத்த துணி ஒன்றுகூடக் காயவில்லை.

ஜூன் 4, புதன்

குக்கர் கைப்பிடி மாற்றியாயிற்று. மிளகுக்கு வாய்க்கூடு வாங்கினேன், மூச்சு விடவும் தண்ணீர் குடிக்கவும் வசதியான கம்பிக் கூடு. உள்ளே தயிர் தடவிக் காட்டினால் அவனாகவே மூக்கை நுழைக்கப் பழகுவான்.

ஜூன் 5, வியாழன்

முதல் பாடம். வண்டி நிறுத்துமிடத்தில் முப்பதடி தள்ளி ஆள் நடப்பார், மிளகு பார்ப்பான், பார்த்ததும் ஈரல். ஆள் மறைந்தால் ஈரலும் நின்றுபோகும். "ஆள் வந்தால் நல்லது நடக்கும்" என்று அவன் மண்டையில் ஏற வேண்டும். பத்து முறையில் வால் கொஞ்சம் தளர்ந்தது. நவநீதத்துக்கு ஒரே ஆச்சரியம்.

அவளுக்கு விளக்கிச் சொன்னேன். கடிப்பதற்கு முன்னால் நாய் எவ்வளவோ பேசும். முகத்தைத் திருப்பும், உதட்டை நக்கும், தூக்கம் வராமலே கொட்டாவி விடும், உடம்பு விறைக்கும். நமக்கு அதெல்லாம் கண்ணில் படாது. கடைசியில் உறுமும். மனுஷக் காதுக்கு எட்டுகிற எச்சரிக்கை அது ஒன்றுதான். மிளகிடம் மற்றதெல்லாம் இருக்கிறது, உறுமல் மட்டும் இல்லை. விறைப்பிலிருந்து நேரே பல்லுக்குப் போய்விடுகிறான்.

"பொறவியிலயே அப்பிடிங்களா?"

"சிலது அப்படி இருக்குமுங்க" என்றேன்.

வரும் வழியில் பெட்ரோல் போட மறந்து, காந்திபுரத்துக்கு முன்னால் வண்டியைத் தள்ளினேன்.

ஜூன் 8, ஞாயிறு

வீட்டு மொட்டைமாடியில் குட்டிகள் வகுப்பு. ஐந்து குட்டி, ஒன்பது மனிதர்கள். குட்டிகள் சொன்னபடி கேட்டன. மனிதர்களைத்தான் மேய்க்க முடியவில்லை. பீகிள் குட்டி வைத்திருக்கும் தம்பி, "மேடம், நீங்க ஆரம்பத்துல இருந்தே இப்படித்தானா? கோவத்துல ஒரு அடிகூடப் போட்டதில்லையா?" என்றான்.

"ஒரு நாயைக்கூட நான் அடிச்சதில்லைங்க" என்றேன். என் விளம்பரத் தாளிலும் அதுதான் இருக்கிறது.

டீ கொண்டுவந்த பழனியப்பன் காதில் அது விழுந்திருக்கிறது. எல்லாரும் போன பிறகு, "ஏம்புள்ள, துரைசாமி நாய்ப்பண்ணையில ஆறு வருசம் நீ என்ன பூஜையா பண்ணுன?" என்றார். டீ டம்ளர்களைக் கழுவப் போனேன். ராத்திரிக்கு முந்தாநாள் குழம்பைச் சுடவைத்துப் போட்டேன். மனுஷன் அதையும் ருசித்துச் சாப்பிட்டார். எனக்குத்தான் எரிச்சல்.

ஜூன் 10, செவ்வாய்

வாய்க்கூட்டுக்குள் மிளகு தானாக மூக்கை விடுகிறான். ஆள் இருபதடியில் வந்தாலும் தாங்குகிறான். நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது.

அப்போது காவலாளி கேட்டைப் பூட்டியிருந்த சங்கிலியை உருவினார். அந்தச் சத்தத்தில் என் வலது மணிக்கட்டு தானாகச் சுண்டியது. கையில் ஒன்றுமே இல்லை, வெறும் கைதான். மிளகு தரையோடு தரையாகப் படுத்து, படுத்த இடத்திலேயே சிறுநீர் கழித்துவிட்டான்.

குழந்தைவேல் முதல் மாடி வராந்தாவில் கட்டுப்போட்ட கையோடு நின்று பார்த்துக்கொண்டிருந்தார். மின்வாரியத்தில் வேலைபார்த்து ஓய்வுபெற்றவர். கடிபட்ட கோபம் அவருக்கு இல்லாமல் இல்லை, ஆனால் தினமும் வந்து நின்று பார்க்கிறார்.

"ஏனுங்கம்மணி, அது கடிச்சது என்னைய. ஆனா என்னையப் பாக்கவே மாட்டேங்குதே. உங்களத்தான் பாத்துட்டே இருக்குது. முன்னாடியே பழக்கமுங்களா?"

"இல்லீங்க" என்றேன்.

"குலைக்கிற நாய் கடிக்காதும்பாங்க. இது குலைக்காததுதான் எனக்குப் பயமா இருக்குது" என்றார்.

வெங்காயம் தீர்ந்துவிட்டது. தக்காளியும்.

ஜூன் 14, சனி

காலை எட்டு மணிக்கு நவநீதம் போன் செய்தாள். ரகசியம் பேசுவதுபோலப் பேசினாள்.

"மேடம்... பாப்பா தூக்கத்துல அவன் கழுத்தக் கட்டிப் புடிச்சுட்டா. அவன் அசையவே இல்லீங்க. வெறச்சுக் கெடக்கறான். கண்ணுல வெள்ளை தெரியுது."

"பாப்பாவைக் கூப்பிடாதீங்க. கிட்டப் போகாதீங்க. ஈரல் டப்பா எங்க?"

"அடுப்படியில."

"அங்க போங்க. மூடியைத் திறந்து டப்பாவைத் தட்டுங்க. நாலஞ்சு துண்டைத் தரையில வீசுங்க. அவன் பேரைச் சொல்ல வேண்டாம்."

டப்பா தட்டும் சத்தம் கேட்டது. அப்புறம் ஒன்றும் கேட்கவில்லை. என் அடுப்பில் பால் பொங்கி வழிந்தது. எவ்வளவு நேரம் என்று தெரியாது. பிறகு டைல்ஸ் மேல் நகம் உரசும் சத்தம்.

"வந்துட்டானுங்க" என்றாள். உடனே அழ ஆரம்பித்தாள். "என்னால முடியாதுங்க மேடம். அண்ணனுக்குப் போன் பண்ணட்டுங்களா? இருபத்திரண்டு வரைக்கும் எதுக்கு? இன்னிக்கே ஊசி போட்டுறலாமுங்களா?"

ஒரு வாரம் பொறுங்கள் என்று கெஞ்சினேன். பாப்பாவும் நாயும் தனித்தனி அறையில், நடுவில் சாத்திய கதவு, இதில் விட்டுக்கொடுக்கவே கூடாது என்றேன். முதல் நாளே இப்படிச் சொல்லியிருக்க வேண்டும். அழுத்திச் சொல்லியிருந்தால் ஏன் என்று கேட்டிருப்பாள்.

ஜூன் 15, ஞாயிறு

எழுதிவிடுகிறேன். இந்த நோட்டிலாவது.

முதல் நாள் கதவைத் திறந்தபோதே மிளகை எனக்கு அடையாளம் தெரிந்துவிட்டது. இடது பின்காலில் வெள்ளைத் திட்டு. நான் அவனைப் பழக்கிய காலத்தில் அவன் பெயர் புரூனோ. ஏழு மாதக் குட்டி.

துரைசாமி பண்ணையில் நுழைந்ததுமே "அடியாத மாடு படியாது" என்று பெரிதாக எழுதி மாட்டியிருப்பார்கள். அங்கே ஒரு வேலைக்கு "உறுமல் எடுப்பது" என்று பெயர். குட்டி சாப்பிடும்போது தட்டைப் பிடுங்க வேண்டும். உறுமினால் கழுத்துச் சங்கிலியை ஒரு சுண்டு. மறுபடி தட்டைக் கொடுத்து, மறுபடி பிடுங்கி, மறுபடி சுண்டு. சத்தம் நிற்கும்வரை. நாய் சத்தம் போடாவிட்டால் சொந்தக்காரருக்குத் திருப்தி, அடக்கமான நாய் என்று ஊரெல்லாம் சொல்வார். ஆண்கள் கையால் சுண்டினால் குட்டிக்குக் கழுத்து பிசகிவிடும் என்று அந்த வேலையை என்னிடம் கொடுத்தார்கள். எனக்கு அளவு தெரியும். அதில் எனக்குப் பெருமை இருந்தது.

மற்றக் குட்டிகளுக்கு நாலு நாள். புரூனோவுக்கு ஒன்பது. ஒன்பதாம் நாள் தட்டைப் பிடுங்கியபோது அவன் சிலைபோல நின்றான். துரைசாமி எல்லார் முன்னாலும் கைகொடுத்தார். சொந்தக்காரர் மைசூர்பாகு வாங்கி வந்தார். நானும் இரண்டு துண்டு சாப்பிட்டேன்.

அவனுக்குப் பயம் போகவில்லை. பயத்தைச் சொல்லும் சத்தத்தைத்தான் நான் எடுத்துவிட்டேன். அது எனக்குப் புரிய இன்னும் ஒரு வருடம் ஆயிற்று. புரிந்ததும் வேலையை விட்டேன். விட்டதை நாலு பேரிடம் சொல்லிக்கொண்டேன். அதற்கு முன்னால் செய்ததை ஒருவரிடமும் சொல்லவில்லை.

வெட்கமாக இருக்கிறது. பயமாகவும் இருக்கிறது. தெரிந்தால் எவர் என்னை நம்பிக் குட்டியைக் கொடுப்பார்?

ஜூன் 16, திங்கள்

பாடத்தை மாற்றிவிட்டேன். ஆளைச் சகிக்கப் பழக்கினால் மட்டும் போதாது, தான் சொல்வதை ஆட்கள் கேட்பார்கள் என்று அவனுக்குத் தெரிய வேண்டும். முகத்தைத் திருப்பினால் நாம் ஓர் எட்டுப் பின்னால் போக வேண்டும். உதட்டை நக்கினால் இரண்டு எட்டு. பின்னால் போனதும் நவநீதம் ஈரல் கொடுக்க வேண்டும்.

பின்னால் போகும் ஆள் நான். அவன் அதிகம் பயப்படுவது என்னிடம்தானே. நவநீதத்திடம், "அந்நிய ஆள் யாராவது வேணும், நானே நிக்கறேன்" என்றேன். அதுவும் முழுப் பொய் இல்லை. உண்மையை நாளை சொல்லிவிடுவேன்.

ஜூன் 17, செவ்வாய்

சொல்லவில்லை. மின்சாரம் இல்லாததால் மாவைக் கடையில் வாங்கினேன். இட்லி கல்லாக வந்தது.

ஜூன் 19, வியாழன்

நாற்பது முறை முன்னால் போய், நாற்பது முறை பின்வாங்கினேன். நாற்பத்தொன்றாவது முறை ஒரு சத்தம். மேல் வீட்டில் யாரோ கட்டிலை நகர்த்துகிறார்கள் என்று நினைத்தேன். பிறகு மிளகின் நெஞ்சைப் பார்த்தேன். அங்கிருந்துதான் வந்துகொண்டிருந்தது. அவனுக்கே அது புதிதாக இருந்திருக்க வேண்டும், பாதியில் நிறுத்திவிட்டு என் வலது கையைப் பார்த்தான்.

"மிளகு! ச்சீ, வாயை மூடு!" என்று நவநீதம் கையை ஓங்கினாள்.

"வையாதீங்க!" என்று கத்திவிட்டேன். அந்த வீட்டில் நான் குரல் உயர்த்தியது அதுதான் முதல்முறை. இரண்டு எட்டு, மூன்று எட்டுப் பின்னால் போனேன். மிளகு மறுபடி உறுமினான், இந்தத் தடவை முழுசாக. இன்னும் பின்னால் போனேன். நிறுத்திவிட்டு உடம்பை உதறிக்கொண்டான். "இப்பக் குடுங்க, கை நிறையக் குடுங்க" என்றேன்.

நவநீதம் ஈரலைக் கொடுத்துவிட்டு உட்கார்ந்து அழுதாள். "இன்னும் மூணே நாளு இருக்குது. இத்தனை நாள் உறுமாதவன் இப்பப் போயி உறுமறானே. அங்க வந்து உறுமுனா ஒருத்தராச்சும் ஒத்துக்குவாங்களா?"

அதுதான் நல்லது என்றேன். அவள் நம்பவில்லை. கேட்டுக்கு வெளியே வந்து வண்டியில் உட்கார்ந்தபடி நானும் அழுதேன். சந்தோஷத்தில்தான் அழுதேன் என்று எழுதினால் பாதிதான் சரி.

ஜூன் 22, ஞாயிறு

பத்தரைக்கு வண்டி நிறுத்துமிடத்தில் பதினொரு பேர். நவநீதத்தின் அண்ணன் ஓரமாகப் போனோடு நின்றார். வெண்பா வீட்டுக்குள், கதவு சாத்தியிருந்தது. மிளகுக்கு வாய்க்கூடு, நவநீதம் கையில் கயிறு.

முதல் கால் மணி நேரம் ஒரு குறையுமில்லை. ஆட்கள் நடந்தார்கள், மிளகு பார்த்தான், ஈரல் தின்றான். பிறகு சங்கத் தலைவர், "கடிபட்டவரே கிட்டப் போகட்டுமுங்க, அப்பத்தானே தெரியும்" என்றார். குழந்தைவேல் இறங்கி வந்தார். பதினைந்தடி, பன்னிரண்டடி, பத்தடி. மிளகு முகத்தைத் திருப்பினான். அவர் கவனிக்காமல் இன்னொரு எட்டு வைத்தார்.

மிளகு உறுமினான். அந்தக் கூரைக்கடியில் அது பெரிதாகவே கேட்டது.

"பாத்தீங்களா! பாத்தீங்களா!" என்று ஆளாளுக்குக் கத்தினார்கள். அண்ணன் போனைக் காதில் வைத்துவிட்டார். நவநீதம் கயிற்றை இழுக்கப் போனாள். நான் அவள் கையைப் பிடித்து, குழந்தைவேலைப் பார்த்து, "அண்ணா, ரெண்டு எட்டுப் பின்னால போங்க. அவ்வளவுதான், போங்க" என்றேன்.

போனார். உறுமல் நின்றது.

கூட்டத்தில் பேச்சு அடங்கவில்லை. குழந்தைவேல் மட்டும் மிளகையே பார்த்துக்கொண்டிருந்தார். யாரும் சொல்லாமலே ஓர் எட்டு முன்னால் வைத்தார். உறுமினான். பின்னால் போனார். நிறுத்தினான். மறுபடி முன்னால், மறுபடி பின்னால். வயதான மனிதர், மின்கம்பத்தில் கம்பியைச் சோதித்துப் பழகியவர் என்பது தெரிந்தது. எல்லாரும் பேச்சை நிறுத்திவிட்டார்கள்.

"இவன் வேண்டாங்கறான். நான் போனா விட்டுர்றான்" என்றார் மெல்ல. அப்புறம் என் பக்கம் திரும்பினார். "அன்னிக்கே இந்தச் சத்தம் போட்டிருந்தா நான் கையை நீட்டியே இருக்க மாட்டனே அம்மணி. அன்னிக்கு ஏன் போடலை?"

சிலது அப்படித்தான் இருக்கும் என்று இன்னொரு முறை சொல்லியிருக்கலாம். யாருக்கும் தெரிந்திருக்காது. அவர் கையில் தையல் போட்ட தழும்பு இன்னும் சிவப்பாக இருந்தது.

"போடக் கூடாதுன்னு பழக்குனது நானுங்க" என்றேன். "குட்டியா இருக்கறப்ப. உறுமுனா சங்கிலியைச் சுண்டுவேன். ஒம்பது நாள் சுண்டுனேன். உங்க தையலுக்கு நான்தான் காரணம். நாயைக் குத்தம் சொல்லாதீங்க."

அதற்கப்புறம் அரை மணி நேரம் பேசினார்கள். பாதி என் காதில் விழவில்லை. முடிவை அறிவித்தது குழந்தைவேல்தான்: நாய் இருக்கட்டும். வெளியே வந்தால் வாய்க்கூடு. உறுமினால் யாரும் திட்டக் கூடாது, விலகிப் போக வேண்டும். ஆறு மாதம் கழித்து மறுபடி பார்க்கலாம். அண்ணன் போனைப் பைக்குள் போட்டுக்கொண்டார்.

நவநீதம் கேட் வரைக்கும் வந்தாள்.

"மொத நாளே தெரியுமுங்களா?"

"தெரியும்."

"பாப்பா அவன் கழுத்தக் கட்டிட்டுப் படுத்திருந்தாளே, அப்பவும்?"

"தெரியும்."

கேட்டின் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். "சொல்லிக்குடுத்ததை நானே பண்ணிக்கறனுங்க. நீங்க இனி வர வேண்டாம்" என்றாள். அவள் சொன்னதில் ஒரு தப்பும் இல்லை.

ஜூன் 24, செவ்வாய்

குட்டிகள் வகுப்பிலிருந்து மூன்று பேர் நின்றுவிட்டார்கள். சேதி அதற்குள் எப்படிப் பரவியதோ. பீகிள் தம்பி மட்டும், "ஞாயித்துக்கிழமை வகுப்பு உண்டுங்களா?" என்று கேட்டிருந்தான்.

காலையிலிருந்து பெயர் எழுதிக்கொண்டிருக்கிறேன். பண்ணையில் நான் உறுமல் எடுத்த குட்டிகள். நினைவுக்கு வந்தவரை முப்பத்தி நாலு. பழனியப்பன் பட்டறைக்கு லீவு போட்டுவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தார். "அந்த உக்கடத்து டாக்டர் வீட்டு வெள்ளை நாயி?" என்றார். அது முப்பத்தைந்து. சிலது செத்திருக்கும். சிலருக்குப் போன் எண் மாறியிருக்கும். ஆனாலும் ஒவ்வொருவரையும் கூப்பிட்டாக வேண்டும்.

முதலில் பொள்ளாச்சி ரோட்டில் ராணி என்ற நாயின் வீட்டம்மாவுக்குப் போட்டேன். என்னை உடனே அடையாளம் தெரிந்துகொண்டார்கள். சௌக்கியம் விசாரித்தார்கள். "ராணி எப்பவாவது உறுமுமாங்க?" என்று கேட்டேன்.

"அட, அதெல்லாம் இல்லீங்க மேடம்! நீங்க பழக்கிக் குடுத்ததுல இருந்து ஒரு சத்தம் வராது. நொம்ப நல்ல புள்ள. இப்பப் பேத்தி தவழ ஆரம்பிச்சிருக்கறா. இதா, இப்பக்கூடப் பாருங்க, ராணி காதைப் புடிச்சு இழுத்துட்டு இருக்கறா. அது அப்பிடியே அசையாம செலையாட்டம் நிக்குது."

"அம்மா," என்றேன், "போனைக் கீழ வெச்சுறாதீங்க. சத்தம் போடாம, ராணிக்குப் புடிச்சது எதாச்சும் எடுத்து அந்தப் பக்கம் தூரமா வீசுங்க. அது போனதும் பேத்தியைத் தூக்கிக்குங்க. நான் கிளம்பி வர்றேன்."